நைட்டில் ஏன் ஜிஎச்? சேர்ந்து வரும் இரண்டு ஆங்கில எழுத்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஜி, எச் இரண்டும் சேர்ந்து வரும் இடத்தில் ஒவ்வொரு ஆண்டும் யாராவது தடுக்கி நிற்பார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்ட கேள்விகளை, நான் சொல்லும் பதில்களோடு இங்கே எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களை ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறேன். ஸ்பெல்லிங் முக்கியமான இடத்தில் எழுத்தெழுத்தாகப் பிரித்திருக்கிறேன்.

ஜிஎச் வரும் சொல்லைப் படிக்கும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

அது சொல்லில் எங்கே நிற்கிறது என்பதைத்தான். தொடக்கத்தில் நின்றால் 'தங்கம்' என்ற சொல்லில் ங்-க்கு அடுத்து வரும் க-வின் ஒலி. கோஸ்ட் (பேய்) அப்படித்தான். நடுவிலோ கடைசியிலோ நின்றால் பெரும்பாலும் ஒலியே இல்லை: நைட் (இரவு), டாட்டர் (மகள்), ஹை (உயரமான). ஒரு சின்னக் கூட்டத்தில் மட்டும் எஃப் ஆகிறது: லாஃப் (சிரி), எனஃப் (போதும்). முதலில் இவ்வளவு தெரிந்தால் போதும்.

என் பிள்ளைக்கு இந்தச் சொற்களெல்லாம் புதிதாகத் தெரிகின்றனவே?

கண்ணுக்குத்தான் புதிது, காதுக்குப் பழையவை. பஸ் கண்டக்டர் 'ரைட், ரைட்' என்கிறார். சட்டை 'டைட்டா' இருக்கிறது. 'லைட்டைப் போடு' என்கிறோம். ஹைட், வெயிட், ஃப்ளைட், நைட்டி, ஹைவே, ஹைஸ்கூல் என்று வீட்டில் நாள் முழுக்கப் புழங்குகிற இத்தனை சொற்களிலும் ஜிஎச் இருக்கிறது. பள்ளிக்கூடப் பையில் இருக்கும் 'ரஃப் நோட்டு' கூட ஆர்-ஓ-யூ-ஜி-எச்தான். ரஃப் என்றால் சொரசொரப்பான, கரடுமுரடான, நேர்த்தி செய்யாத என்று பொருள். 'டஃப் ஃபைட்' என்று கிரிக்கெட் பார்க்கும்போது சொல்கிறோமே, அதில் முதல் சொல்லில் ஜிஎச்சுக்கு எஃப் ஒலி, இரண்டாவதில் ஒலியே இல்லை.

புதிய மாணவர் வந்தால் முதல் நாள் இந்தச் சொற்களைத்தான் பலகையில் எழுதுவேன். 'இது நம்ம லைட்டா சார்!' என்று ஒரு குரல் கேட்கும். அதற்கப்புறம் பாதிப் பயம் போய்விடும்.

ஒலிக்காத எழுத்தை எதற்கு எழுதுகிறார்கள்?

ஒரு காலத்தில் அது ஒலித்தது. இந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இரவுக்கு என்-ஐ-எச்-டி என்று எழுதினார்கள். அந்த எச் வெறும் மூச்சு அல்ல, தொண்டையருகே உரசி வரும் ஒலி. அதைக் காட்ட ஆங்கிலத்தில் இன்று எழுத்து இல்லை. நமக்கு இருக்கிறது: 'அஃது', 'எஃகு' என்பவற்றில் வரும் ஆய்தம். பழைய ஆங்கிலேயன் இரவை ஏறக்குறைய 'நிஃட்' என்றுதான் சொல்லியிருப்பான். 'மகன்' என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் க, 'கண்' என்பதில் வரும் க அல்ல. நாக்கின் பின்பகுதி மேலே போய் முழுவதும் ஒட்டாமல், காற்று கசிந்து வருகிறது. தொலைந்துபோன அந்த ஆங்கில ஒலிக்கு அது நெருங்கிய உறவு.

ஆங்கிலத்துக்கு உறவான ஜெர்மன் மொழி அந்த ஒலியை இன்னும் விடவில்லை. நைட் அங்கே 'நஃட்', லைட் 'லிஃட்', எய்ட் (எட்டு) 'அஃட்', டாட்டர் 'டோஃட்டர்'. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழியிலும் இரவுக்கு 'நிஃட்' என்று சொல்வது இன்றும் உண்டு.

எச் எப்படி ஜிஎச் ஆயிற்று? 1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு எழுத்து வேலை பிரெஞ்சு வழியில் பயின்ற எழுத்தர்களின் கைக்குப் போனது. இந்த உரசொலியைத் தனியாகக் காட்ட வேண்டியிருந்ததால் சிலர் 3 போன்ற வடிவமுள்ள 'யோஹ்' என்ற எழுத்தைப் போட்டார்கள், சிலர் ஜிஎச் போட்டார்கள். அச்சு வந்தபின் யோஹ் மறைந்து ஜிஎச் நிலைத்தது. 15 முதல் 17ஆம் நூற்றாண்டுக்குள் தென் இங்கிலாந்துப் பேச்சிலிருந்து ஒலி கழன்றுவிட்டது. அதே காலத்தில்தான் அச்சகங்களில் ஸ்பெல்லிங் இறுகிக்கொண்டிருந்தது. வாய் விட்டதைத் தாள் விடவில்லை.

அப்படியானால் சில சொற்களில் மட்டும் எஃப் எப்படி வந்தது?

ஒலி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி தேயவில்லை. ஓ, யூ போல உதட்டைக் குவித்துச் சொல்லும் உயிரை அடுத்து இந்த உரசொலி வந்தபோது, சில வட்டாரங்களில் உரசல் தொண்டையிலிருந்து உதட்டுக்கு இடம் மாறி எஃப் ஆனது. லண்டன் பேச்சு சில சொற்களை அந்த வட்டாரங்களிலிருந்து எடுத்துக்கொண்டது, மற்றவற்றில் ஒலியை விட்டுவிட்டது. அதனால் இதற்கு விதி சொல்ல முடியாது. பட்டியல்தான் உண்டு, அதுவும் சின்னது.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒற்றுமை ஒன்று இங்கே இருக்கிறது. தமிழிலும் ஆய்தம் பழைய ஒலியை ஏறக்குறைய இழந்து, இன்று 'ஃபேன்', 'ஃபோன்' என்று எஃப் ஒலிக்குத் துணை நிற்கிறது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி ஒலிக்கு நின்ற எழுத்துகள் எஃப் பக்கம் போயிருக்கின்றன. காரணங்கள் வேறு வேறு. ஆனாலும் இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் கண் விரிவதைப் பார்க்க வேண்டும்.

எஃப் ஒலிக்கும் சொற்கள் எவை?

பள்ளி அளவில் ஏழுதான். லாஃப் (சிரிப்பு), காஃப் (இருமல்), ரஃப் (கரடுமுரடான), டஃப் (கடினமான, எளிதில் உடையாத), எனஃப் (போதுமான), ட்ராஃப் (மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நீளத் தொட்டி), ட்ராஃப்ட் (ஜன்னல் இடுக்கில் வரும் காற்று, ஒரே மூச்சில் குடிக்கும் ஒரு வாய்).

இன்னும் இரண்டு வேண்டுமானால்: சஃப் என்பது காக்கை இனத்துப் பறவை, இமயமலையில் உண்டு. ஸ்லஃப் என்பது பாம்பு உரித்துப் போடும் சட்டை. இவற்றிலிருந்து பிறக்கும் லாஃப்டர், டஃப்னெஸ், ரஃப்லி போன்றவையும் எஃப்தான். இந்த ஏழையும் மனப்பாடம் செய்துவிட்டால், மற்றச் சொற்களின் நடுவிலோ கடைசியிலோ ஜிஎச்சைப் பார்த்தால் பெரும்பாலும் வாயைத் திறக்காமல் கடந்து போகலாம்.

லாஃப்டர் சரி, ஸ்லாட்டர் ஏன் 'ஸ்லாஃப்டர்' இல்லை?

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பலகையில் எல்-ஏ-யூ-ஜி-எச்-டி-இ-ஆர் என்று எழுதி, முன்னால் ஒரு எஸ் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு என்ற சொல்லுக்கு முன் எஸ் வந்ததும் அது வெட்டிக் கொல்லுதல் ஆகிவிட்டது, ஒலியும் 'ஸ்லாட்டர்' ஆகிவிட்டது. லாஃப்டரின் முதல் எழுத்தான எல்-லை டி ஆக்கினால் டாட்டர். மூன்றிலும் பின்பாதி ஒன்றே.

பிறப்பைப் பார்த்தால் பிரிவு விளங்கும். லாஃப்டர் என்பது லாஃப் என்பதன் பிள்ளை, அதன் எஃப் தாயிடமிருந்து வந்தது. ஸ்லாட்டர் என்பது ஸ்லே (கொல்) என்ற சொல்லின் உறவு, அங்கே எஃப்புக்கு வேலையே இல்லை. டாட்டர் மிகப் பழைய குடும்பம். சமஸ்கிருதத்தின் 'துஹித்ரு'வும் அதுவும் ஒரே வேர். மகள் வயிற்றுப் பேரனைத் 'தௌகித்ரன்' என்று சொல்லும் வீடுகளில் அந்த வேர் இன்றும் புழங்குகிறது.

ஓ-யூ-ஜி-எச் எத்தனை விதமாக ஒலிக்கும்?

ஆறு ஏழு விதம். இதைக் கேட்டதும் பலரும் மலைத்துப்போகிறார்கள். ஆனால் ஒவ்வொரு விதத்திலும் இரண்டு மூன்று சொற்களே உள்ளன.

'ஓ' என்று ஒலிப்பவை: தோ (இருந்தாலும்), ஆல்தோ (அதே பொருள்), டோ (பிசைந்த மாவு). சப்பாத்திக்கு உருட்டி வைக்கிற மாவு டோ. டோநட் அதிலிருந்து வந்தது. 'ஊ' என்று ஒலிப்பது த்ரூ (வழியாக, ஊடாக) மட்டும். 'அவ்' என்று ஒலிப்பவை: பவ் (மரக்கிளை), ப்ளவ் (கலப்பை, உழு), ட்ரவ்ட் (வறட்சி). எஃப் ஒலிப்பவை மேலே வந்துவிட்டன. அவற்றிலும் ரஃப், டஃப், எனஃப் ஆகியவற்றில் 'அஃப்', காஃப், ட்ராஃப் இரண்டிலும் 'ஆஃப்'. கடைசியில் டி சேர்ந்து ஓ-யூ-ஜி-எச்-டி ஆகிவிட்டால், ட்ரவ்ட் தவிர எல்லாம் 'ஆட்': தாட் (எண்ணம்), பாட் (வாங்கினான்), ஆட் (செய்ய வேண்டியது கடமை என்ற பொருள்).

கடைசியாக, தரா (ஒன்று விடாத, முழுமையான), பரா (தன்னாட்சியுள்ள நகரப் பகுதி). இவற்றில் அது தேய்ந்து ஒரு சின்ன 'அ' ஆகிவிடுகிறது. அமெரிக்கர்கள் தரோ, பரோ என்பார்கள்.

தோ, த்ரூ, தரா, தாட் நான்கும் குழம்புகின்றனவா? த்ரூ என்பதில் டி-எச்சை அடுத்து ஆர் உண்டு. தரா என்பதில் அந்த ஆருக்கு முன்னால் கூடுதலாக ஒரு ஓ வரும். த்ரூவுக்கும் தராவுக்கும் ஒரே மூலம்: ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும்வரை போனால் அதுதான் முழுமை.

ஜி-எச்-ஓ-டி-ஐ என்று எழுதி 'ஃபிஷ்' என்று படிக்கலாமாமே?

எனஃப் என்பதன் ஜிஎச்சை எஃப் ஆகவும், விமென் என்பதன் ஓவை இகரமாகவும், நேஷன் என்பதன் டி-ஐயை 'ஷ்' ஆகவும் எடுத்தால் மீன் வந்துவிடும் என்பது பழைய விளையாட்டு. நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா சொன்னது என்று பலரும் பகிர்கிறார்கள். அவர் பிறந்தது 1856இல். இந்த விளையாட்டு 1855ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது.

விளையாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தின் மீது சுமத்தும் பழி நியாயமில்லை. சொல்லின் தொடக்கத்தில் ஜிஎச் ஒருநாளும் எஃப் ஆகாது. கடைசியில் நிற்கும் டி-ஐ 'ஷ்' ஆகாது. எழுத்து நிற்கும் இடம்தான் ஒலியை முடிவு செய்கிறது. தமிழில் க-வும் அப்படித்தானே? சொல்லின் முதலில் ஓர் ஒலி, ங்-க்குப் பின் ஓர் ஒலி, இரண்டு உயிர்களுக்கு நடுவில் இன்னோர் ஒலி.

கோஸ்ட்டுக்கு எச் தேவையே இல்லையே?

இல்லைதான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு எச் கிடையாது, ஜி-ஏ-எஸ்-டி என்று எழுதினார்கள். 1476இல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வைத்தார். அதற்கு முன், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ப்ரூஜ் நகரம் உள்ளிட்ட, பிளெமிஷ் (டச்சு மொழியின் ஒரு வடிவம்) பேசும் பகுதிகளில் பல ஆண்டுகள் இருந்தவர். அவரிடம் வேலை செய்தவர்களில் அங்கிருந்து வந்தவர்களும் உண்டு. அந்த மொழியில் பேய்க்கு ஜி-எச் போட்டு எழுதுவது வழக்கம், அச்சுக் கோக்கும்போது கை அந்தப் பழக்கத்திலேயே போனது. வாத்து (கூஸ்), ஆடு (கோட்), சிறுமி (கேர்ள்) ஆகியவற்றிலும் அந்தக் காலத்தில் எச் எட்டிப் பார்த்தது. அவையெல்லாம் பிறகு உதிர்ந்துவிட்டன. கோஸ்ட் மட்டும் எச்சைப் பிடித்துக்கொண்டது, தன் உறவுகளான காஸ்ட்லி (கோரமான), அகாஸ்ட் (திகைத்து உறைந்த) இரண்டுக்கும் கொடுத்தது. விலை அதிகம் என்று சொல்லும் காஸ்ட்லி வேறு. அது சி-யில் தொடங்கும்.

தொடக்கத்தில் ஜிஎச் வரும் வேறு சொற்கள்?

பெரும்பாலும் விருந்தாளிச் சொற்கள். கீ (நெய்) இந்தியிலிருந்து போனது. காட் என்பதும் இந்திதான்: ஆற்றுப் படித்துறை, மலைக் கணவாய் இரண்டுக்கும் பொருந்தும். ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது 'காட் ரோடு' என்கிறோமே, அதுதான். கூல் அரபியிலிருந்து வந்தது, பிணம் தின்னும் பேய். கெட்டோ இத்தாலியச் சொல். 1516இல் வெனிஸ் நகரில் யூதர்களை ஒதுக்கிக் குடிவைத்த பகுதிக்கு வந்த பெயர், இன்று ஒடுக்கப்பட்டவர்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட எந்தக் குடியிருப்பையும் குறிக்கிறது. கெர்கின் டச்சு வழி வந்தது. ஊறவைப்பதற்கான சின்ன வெள்ளரி. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒப்பந்த முறையில் பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள்.

இத்தாலியச் சொற்களில் எச்சுக்கு ஒரு வேலை உண்டு. அந்த மொழியில் ஜி-யை அடுத்து இ அல்லது ஐ வந்தால் 'ஜ' ஆகிவிடும். 'க' ஒலியைக் காப்பாற்ற நடுவில் எச்சை நிறுத்துவார்கள். ஸ்பகெட்டியில் எச் நிற்பது அதற்காகத்தான். 'சின்னக் கயிறுகள்' என்பது அதன் நேர்ப்பொருள். சிறு படகைக் குறிக்கும் டிங்கி இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது, அதிலும் எச் இதே காவல் வேலையைச் செய்கிறது.

ரகு, மேகா போன்ற பெயர்களில் ஜிஎச் போடுவது சரியா?

சரிதான். வடமொழியில் க வரிசையில் நான்கு ஒலிகள் உண்டு. அழுத்தி மூச்சு விட்டுச் சொல்லும் நான்காவது க-வைக் காட்ட ஆங்கிலத்தில் ஜிஎச் எழுதும் வழக்கம் வந்தது. ரகு, ராகவன், மேகநாதன், சங்கம், சிங் எல்லாம் அந்த நான்காவது க. ஆனால் மேகலா அப்படியல்ல. இடுப்பு அணியான மேகலையில் இருப்பது இரண்டாவது க, அதற்குக் கே-எச்தான் பொருந்தும். மேகம் வேறு, மேகலை வேறு. அதற்காகச் சான்றிதழில் ஏறிவிட்ட பெயரை மாற்றிக்கொண்டு அலைய வேண்டாம்.

பாட், ப்ராட், காட், டாட்: எதில் ஏ, எதில் ஓ?

இதுதான் தேர்வுத்தாளில் அதிகம் மதிப்பெண் போகும் இடம். ஏழு வினைகள்: பை-பாட் (வாங்கு), ப்ரிங்-ப்ராட் (கொண்டுவா), திங்க்-தாட் (நினை), ஃபைட்-ஃபாட் (சண்டையிடு), சீக்-சாட் (தேடு), கேட்ச்-காட் (பிடி), டீச்-டாட் (கற்பி).

மூல வினையைப் பாருங்கள். கேட்ச், டீச் இரண்டின் ஸ்பெல்லிங்கில் ஏ இருக்கிறது, அதனால் இறந்தகாலத்திலும் ஏ-யூ-ஜி-எச்-டி. மற்ற ஐந்தில் ஏ கிடையாது, அதனால் ஓ-யூ-ஜி-எச்-டி. ப்ரிங் என்பதில் ஆர் இருப்பதால் ப்ராட்டிலும் ஆர் உண்டு. வாங்குவதற்கு ஆர் வேண்டாம்.

திங்க் எப்படித் தாட் ஆகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு நான் தமிழைத்தான் காட்டுவேன். 'கேள்' என்பது 'கேட்டான்' ஆகிறது, 'நில்' என்பது 'நின்றான்' ஆகிறது. இறந்தகால எழுத்து வந்து ஒட்டும்போது முன்னால் நிற்கும் மெய் மாறுகிறது. பழைய ஆங்கிலத்திலும் டி வந்து ஒட்டியபோது முன்னால் நின்ற க் போன்ற ஒலி உரசொலியாக மாறியது, அந்த உரசொலிதான் ஜிஎச். கேட்ச் மட்டும் பிரெஞ்சிலிருந்து வந்து இந்த வரிசையில் பின்னால் சேர்ந்துகொண்டது.

ஹைட், ஃப்ளைட், ட்ரவ்ட் இவற்றுக்கும் அப்படி மூலம் உண்டா?

உண்டு. ஹை-ஹைட் (உயரம்), வெய்-வெயிட் (எடை), ஃப்ளை-ஃப்ளைட் (பறத்தல்), சீ-சைட் (பார்வை), ட்ரா-ட்ராஃப்ட் (இழுப்பு), ட்ரை-ட்ரவ்ட். ட்ரை என்றால் உலர்ந்த. உலர்ந்து கிடப்பதுதான் வறட்சி.

ட்ரவ்ட்டையும் ட்ராஃப்ட்டையும் மாற்றி எழுதிவிடுவார்கள். ஓ-யூ என்றால் வறட்சி, ஏ-யூ என்றால் இழுப்பு. ஐடிஐயில் 'டிராஃப்ட்ஸ்மேன் சிவில்' என்ற பிரிவு இருக்கிறதே, கோடு இழுத்துப் படம் வரைபவர் என்பதால் அந்தப் பெயர், அதில் ஏ-யூ-ஜி-எச் வரும்.

ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை எப்படிப் பிரித்து வைத்துக்கொள்வது?

இங்கே ஜிஎச் நமக்கு உதவி செய்கிறது. வெயிட் என்பதில் ஜிஎச் இருந்தால் எடை, இல்லாவிட்டால் காத்திரு. சைட் என்பதில் இருந்தால் பார்வை, இல்லாமல் எஸ்-ஐ-டி-இ ஆனால் மனை, இடம். ஸ்ட்ரெயிட் என்பதில் இருந்தால் நேரான, இல்லாவிட்டால் நீரிணை; பாக் நீரிணையின் ஆங்கிலப் பெயரில் ஜிஎச்சைப் போட்டுவிடாதீர்கள்.

ரைட் நான்கு. ஆர்-ஐ-ஜி-எச்-டி சரி, வலது, உரிமை. ஆர்-ஐ-டி-இ சடங்கு. டபிள்யூ-ஆர்-ஐ-டி-இ எழுது. டபிள்யூ-ஆர்-ஐ-ஜி-எச்-டி செய்பவர், கைவினைஞர். ப்ளேரைட் என்னும் நாடக ஆசிரியருக்கு வருவது இந்தக் கடைசி ரைட்தான். நாடகத்தை 'எழுதுபவர்' என்று நினைத்து எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். அவர் நாடகத்தைச் செய்பவர், தச்சன் வண்டி செய்வதுபோல. வொர்க் என்பதன் உறவு இது. அதன் பழைய இறந்தகாலம் ராட். ராட் அயர்ன் என்றால் நம் பாடப்புத்தகத்தின் தேனிரும்பு.

வொர்க்கில் பின்னால் இருந்த ஆர், ரைட்டில் முன்னால் வந்தது எப்படி என்கிறீர்களா? நமக்குத் 'தசை' 'சதை' ஆனதும், 'விசிறி' 'சிவிறி' ஆனதும் எப்படியோ அப்படித்தான்.

நைட் என்றால் இரவு, கே போட்டால் வீரன். என்ன தொடர்பு?

ஒலி ஒன்றானதைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை. கே-யில் தொடங்கும் நைட், பழைய ஆங்கிலத்தில் 'க்னிஃட்'. எல்லா எழுத்தும் வாயில் ஒலித்தது. பொருள் பையன், பணியாள். அரசனிடம் வேலை பார்த்த பையன் குதிரை ஏறிப் போருக்குப் போய், மெல்ல மெல்லப் பட்டம் பெற்ற வீரன் ஆனான். ஜெர்மனில் அதே சொல் இன்றும் வேலையாள் என்ற பொருளிலேயே நிற்கிறது.

பொருளே ஒரு கதையாக இருக்கும் சொற்கள் வேறு உண்டா?

நெய்பர் (அண்டை வீட்டார்): 'நெய்' என்ற பாதிக்குப் பக்கம் என்றும் மறுபாதிக்குக் குடியிருப்பவர் என்றும் பொருள். ஃபார்ட்நைட் என்றால் பதினான்கு இரவு, அதாவது இரண்டு வாரம். நைட்டிங்கேல் என்ற பறவை, இரவில் பாடுபவள். நாட்டி என்று குறும்புக் குழந்தையைச் சொல்கிறோம். நாட் என்றால் ஒன்றுமில்லை, பூஜ்யம். ஒன்றுமில்லாதவன் என்பதிலிருந்து கெட்டவன் என்றாகி, கடைசியில் செல்லக் குறும்பாக இறங்கி வந்துவிட்டது.

எல்லா ஜிஎச்சும் பழைய ஒலியின் தடமா?

இல்லை, இடையில் நுழைந்தவையும் உண்டு. டிலைட் (பெருமகிழ்ச்சி) பழைய பிரெஞ்சிலிருந்து ஜிஎச் இல்லாமல்தான் வந்தது. லைட், நைட் கூட்டத்தைப் பார்த்து 16ஆம் நூற்றாண்டில் அதற்கும் ஜிஎச் மாட்டினார்கள். ஹாட்டி (தலைக்கனம் பிடித்த), ஸ்ப்ரைட்லி (துறுதுறுப்பான) இரண்டும் அதே வழி. விக்கலுக்கு ஹிக்கப் என்பதே பழைய வடிவம். இருமலோடு உறவு என்று நினைத்துக் காஃப்பின் ஸ்பெல்லிங்கை அதில் சேர்த்து எழுதினார்கள், படிப்பது மட்டும் ஹிக்கப் என்றே. யூ-பி போட்டு எழுதுங்கள், அதுவே எளிது.

அமெரிக்க ஸ்பெல்லிங்கில் ஜிஎச் குறைவு என்கிறார்களே?

கொஞ்சம் குறைவு. ப்ளவ் அங்கே பி-எல்-ஓ-டபிள்யூ, ட்ராஃப்ட்டில் நேராக எஃப். 1906இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களின் எளிய ஸ்பெல்லிங்கை அரசு அச்சகம் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டார். த்ரூவுக்கு டி-எச்-ஆர்-யூ, தோவுக்கு டி-எச்-ஓ என்பவை அந்தப் பட்டியலில் இருந்தன. நாடாளுமன்றம் எதிர்த்ததால் அந்த ஆண்டே பின்வாங்க வேண்டியதாயிற்று. நம் தேர்வுகளுக்குப் பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்தான். வாட்ஸ்அப்பில் எப்படியும் எழுதலாம், விடைத்தாளில் முழுதாக எழுதுங்கள்.

ஊர்ப் பெயர்களில்?

ஊர்ப் பெயரை அந்த ஊர்க்காரரிடம் கேட்டுத்தான் படிக்க வேண்டும். எடின்பரா என்பதை எடின்பர்க் என்று படிப்பவர்கள் அதிகம். லண்டனுக்கு மேற்கே இருக்கும் ஸ்லவ், பாம்புச் சட்டையின் அதே ஸ்பெல்லிங். லஃப்பரா என்ற ஊரில் இரண்டு ஜிஎச்: முதலாவது எஃப், இரண்டாவது ஒலியில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலோ 'க' ஒலி உண்டு. அங்குள்ள ஊர்ப்பெயர் வாரியம் 1891இல் அதன் எச்சை நீக்கிவிட்டது. ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டு 1911இல் திரும்ப வாங்கினார்கள்.

ஜியும் எச்சும் தனித்தனியாக ஒலிக்கும் சொல் உண்டா?

கூட்டுச் சொற்களில் உண்டு. ஃபாக்ஹார்ன் (மூடுபனியில் கப்பல் ஊதும் சங்கு), டாக்ஹவுஸ் (நாய்க்கூண்டு). ஒரு சொல் ஜியில் முடிந்து அடுத்தது எச்சில் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

வீட்டில் எப்படிப் பழக்குவது?

சொற்களைத் தனித்தனியாக ஒப்பிக்க வைக்காதீர்கள், கூட்டமாகக் கொடுங்கள். நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: ஒலியில்லாதவை, எஃப் ஒலிப்பவை, தொடக்கத்தில் வருபவை. கதைப்புத்தகத்திலோ செய்தித்தாளிலோ கண்ணில் படும் சொல்லை அன்றன்றைக்கு உரிய பத்தியில் எழுதட்டும். முதல் பத்தி மளமளவென்று நீளும். நடுப் பத்தி ஏழு எட்டோடு நின்றுவிடும். அது நிற்பதைப் பிள்ளை தானே பார்க்க வேண்டும்.

அப்புறம் வாரம் ஒருமுறை டிக்டேஷன். சொல்லாகச் சொல்லாமல் வாக்கியமாகச் சொல்லுங்கள். 'மை டாட்டர் பாட் எனஃப் லைட்ஸ்' என்று ஒரு வரி போதும். நான்கு ஜிஎச், அதில் ஒன்று எஃப். எழுதி முடித்ததும் நீங்கள் திருத்த வேண்டாம். ஒலிக்காத ஜிஎச்சின் கீழே பிள்ளையையே பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த இடத்தில் ஆய்தத்தை வைத்து ஒருமுறை சத்தமாகப் படிக்கட்டும்: 'டோஃட்டர்', 'லிஃட்'. எங்கள் வகுப்பில் இதைச் செய்யும்போது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தம் இருக்கும். அப்படி ஒருமுறை தொண்டையால் படித்த சொல்லில் ஜிஎச்சை விட்டுவிட்டு எழுதிய பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.